புடவைகட்டி வீட்டுப் பிள்ளைக்கு

கதிரவா,

நாளை மறுநாள் நீ போர்ச்சுகலுக்கு விமானம் ஏறுகிறாய். உன் படத்தை அங்கே ஒரு விழாவில் திரையிடுகிறார்கள். பெட்டி கட்டியாகிவிட்டது. ஊறுகாயைத் துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் பையில் திணிக்காமல், நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் என் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய்யைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில், ஒலிபெருக்கியில், முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னேன். அதைத் திருத்துவது மட்டும் எதற்கு ரகசியமாக நடக்க வேண்டும்?

என் தாத்தா முனுசாமி உனக்குக் கொள்ளுத்தாத்தா. நீ சின்னப் பையனாக இருந்தபோது அவரைப் பற்றி என்ன சொல்லி உன்னைத் தூங்க வைப்பேன் என்று நினைவிருக்கிறதா? இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனார், காட்டில் சண்டை போட்டார், கெண்டைக்காலில் குண்டடி பட்டுத் திரும்பி வந்தார். அந்தக் கதையை நீ நம்பினாய். நம்பியதோடு நிற்காமல், சென்னையில் சினிமா படித்து, நான்கு வருடம் உதவி இயக்குநராக வெயிலில் ஓடி, ஒரு தயாரிப்பாளரையும் பிடித்துவிட்டு வந்து வாசலில் நின்றாய். "அம்மா, என் மொதல் படம் கொள்ளுத்தாத்தாவ பத்திதான். பர்மா செட்டு போடறோம்" என்றாய். உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே உனக்குச் சோறு போட்டேன்.

நான் பத்தாவது வரைதான் படித்தேன். ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். பொட்டலம் கட்டி வந்த தாளையும் விடமாட்டேன். கழனியில் வேலை செய்த வருடங்களிலும் சரி, இப்போது நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எழுதும்போதும் சரி, மடியில் ஒரு புத்தகம் இருக்கும். சின்ன வயதில் எதைக் கேட்டாலும் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தன் வீட்டின் பெயர் மட்டும் பிடிக்கவில்லை. நம்மை ஊரில் 'பொடவகட்டி வூடு' என்பார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் "பொடவகட்டி பேத்தி வருது, வழி வுடுங்கடி" என்பார்கள். பள்ளியில் பையன்கள் ராகம் போட்டே பாடுவார்கள். டீக்கடை பெருமாள் அப்போது என் வகுப்பு. அவன்தான் அந்தப் பாட்டுக்குத் தலைவன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். போர் நடந்த காலம் அது. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க லாரி ஊர் ஊராக வந்தது. கட்டாயம் என்று சட்டம் இல்லையாம். ஆனால் நம் காலனியில் எல்லாரும் பண்ணை ஆட்கள். பண்ணையார் சொன்னால் அதுதான் சட்டம். அவருக்கு வெள்ளைக்காரனிடம் ஒரு பட்டம் வாங்கும் ஆசை. காலனி இளவட்டங்கள் எல்லாருடைய பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பலர் வெளியூருக்கு ஓடிவிட்டார்கள், ஏழு பேர் மட்டும் ஊரிலேயே நின்று போக மறுத்தார்கள். "யாரோட சண்ட இது? நம்ம கொல்லைக்கா எவனாவது வந்தான்?" என்று தாத்தா கேட்டாராம். லாரி வந்த நாளில் நடவு நடந்துகொண்டிருந்தது. நம் பக்கத்தில் நாற்றுப் பறிப்பதும் பறித்த கட்டுகளைத் தூக்குவதும் ஆண் வேலை, நடுவது பெண் வேலை. அன்று ஏழு பெண்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அவர்கள் இடத்தில், அவர்கள் புடவையைக் கட்டி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, ஏழு ஆண்களும் நடவு வரிசையில் குனிந்தார்கள்.

வரப்பில் லாரிக்காரர்களும் பண்ணையின் காரியக்காரரும் நின்றார்கள். காரியக்காரர் தலைகளை எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் நடத் தெரியாதவன் நட்டால் வரிசை கோணும், நாற்று மிதக்கும். அதனால் ஒவ்வொரு ஆணுக்கும் இரு பக்கமும் ஒரு பெண். அவள் தன் பங்கையும் நட்டு, அவன் பங்கில் பாதியையும் நட்டாள். வரிசை நூல் பிடித்த மாதிரிப் போனது. தாத்தாவின் இடத்தில் மட்டும் ஒரு கொத்து மிதந்து எழுந்தது. காரியக்காரரின் கண் அங்கே திரும்பியது. பக்கத்தில் நின்ற பச்சையம்மாள் சட்டென்று அதை எடுத்துச் சேற்றில் அழுத்திவிட்டு, ஊருக்கே கேட்கும்படி தாத்தாவைத் திட்டினாளாம். "ஏண்டி! இது சோறு துன்ற கைதானா? ஒங்க ஆத்தா உன்ன நடவுக்குப் பெத்தாளா, நாஷ்டாவுக்குப் பெத்தாளா?" வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். லாரி காலியாகவே திரும்பிப் போனது. அந்தப் பச்சையம்மாளைத்தான் தாத்தா பிறகு கட்டிக்கொண்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. நான்காம் நாள் அந்த இடத்தில் இன்னும் சில நாற்றுகள் மிதந்தன. காரியக்காரருக்குப் புரிந்துவிட்டது. அங்கே நின்றவள் யார் என்று பச்சையம்மாளைப் பிடித்துக் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. தாத்தா தானாகவே போய் எதிரில் நின்றார். களத்து மேட்டில் ஒரு பகல் முழுக்க அவரைப் புடவையோடு நிற்க வைத்து, கூடப் புடவை கட்டி நின்றவர்களின் பெயரைக் கேட்டார்கள். சொல்லவில்லை. கெண்டைக்காலில் தழும்பு விழுந்தது அன்றைக்குத்தான், அரிவாளின் பின்பக்கத்தால். அந்தப் போகம் முழுக்க நம் வீட்டுக்கு வேலை இல்லை. ஆனால் ஒருவரையும் லாரி கொண்டுபோகவில்லை. ஆறு வீடுகள் தப்பித்தன, பயத்தில் அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம்கூட அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பெயர் மட்டும் நம் வீட்டின்மேல் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் எங்களிடம் மட்டும் அந்த ஆறு பேரையும் வரிசையாகச் சொல்வார்: ஏழுமலை, கன்னியப்பன், எல்லப்பன், சவுரி, வேதாசலம், அந்தோணி. நான் அதை ரஃப் நோட்டில் எழுதி வைத்தேன்.

எட்டாவது படிக்கும்போது 'எங்கள் குடும்பத்து வீரர்' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். புடவை கட்டிய மனிதரை வீரர் என்று எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. படித்திருந்த புத்தகங்களிலிருந்து காட்டையும் மழையையும் துப்பாக்கியையும் எடுத்துக் கோத்து, தாத்தாவைப் பர்மாவுக்கு அனுப்பினேன். முதல் பரிசு கிடைத்தது. விழா அன்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு தாத்தா முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் மேடையில் நின்று படித்தேன். எல்லாரும் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் அவருக்குத் துண்டு போர்த்தினார். அவர் எழுந்து கும்பிட்டார். பெருமாள்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும், பரிசாகக் கிடைத்த தேசப்பட நூலைத் தாத்தா வாங்கிப் புரட்டினார். "பர்மா எங்க கீது கண்ணு? காட்டு" என்றார். காட்டினேன். நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு விரலையும் பர்மாவில் ஒரு விரலையும் வைத்துப் பார்த்தார். "இம்மாந் தூரமா? நல்ல வேள, நான் போவல" என்றார். அவ்வளவுதான். கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த நடவுக் கதையை ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்டாலும், "அத்த வுடு" என்றுவிடுவார். இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். ஊரே சேர்ந்து கேலி செய்தபோது சிரித்த மனிதரை, ஒரு பாராட்டால் நான் வாயடைக்க வைத்தேன்.

இதைத்தான் அன்று பர்மா செட்டு என்று நீ வந்து நின்ற மத்தியானத்தில் உன்னிடம் சொன்னேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "அப்ப எல்லாம் பொய்யாம்மா?" என்றாய். "ஆமாண்டா நைனா" என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். மூன்று நாள் போன் இல்லை. உன் நான்கு வருட உழைப்பை ஒரு கட்டுரைக்காரி கெடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நான் வருகைப் பதிவில் ஒரே பெயரை இரண்டு முறை எழுதினேன். நான்காம் நாள் காலையில் நீ வந்தாய். தாடி முளைத்திருந்தது, கண் சிவந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "அம்மா, இதுதாம்மா படம். அந்தப் பொடவதான் படம்."

தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ஹீரோ புடவை கட்டினால் எவன் பார்ப்பான் என்று கேட்டுவிட்டு விலகிக்கொண்டார். அவர்மேல் கோபம் வைக்காதே. எட்டாவது படிக்கும்போது நானும் அதையேதான் நினைத்தேன். நீ நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரே ஒரு கேமராவோடு ஊருக்கு வந்தாய். தாத்தா வேடத்துக்கு நாடகக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். மற்ற ஆறு பேருக்கு ஊர் ஆண்கள் வேண்டும் என்றாய். ஒருவரும் வரவில்லை. "உனுக்கு இன்னாப்பா, படத்த எடுத்துட்டுப் பூடுவ. அந்தப் பேரோட இங்க குடித்தனம் பண்றது யாரு?" என்றார்கள். ஏரிக்கரை வரை நடந்து நடந்து கேட்டாய். நடவு முடியப் போகிறது, தண்ணீர் நிற்கும் கழனி இன்னும் நான்கு நாளைக்குத்தான் கிடைக்கும் என்ற நிலை. அப்போதுதான் நான் பரணிலிருந்து ரஃப் நோட்டை எடுத்தேன்.

வீடு வீடாகப் போனேன். சவுரியின் பேரன் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். நோட்டைக் காட்டி, "இது ஒங்க தாத்தா பேருப்பா. அன்னிக்கு எங்க தாத்தா பக்கத்துல நின்னவரு" என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அழுக்குக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தான். "அன்னிக்குப் போயிருந்தா எங்க அப்பனே பொறந்திருக்க மாட்டானே அத்த" என்றான். ஐந்து வீட்டிலும் ஏறத்தாழ இதே பேச்சுதான். மிச்சமிருந்த பெயர் கன்னியப்பன். டீக்கடை பெருமாளின் தாத்தா. அந்த வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. பழைய பாட்டு இன்னும் காதில் இருந்தது. நீ பெரிய மனதோடு இருக்க வேண்டும் என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு மனது கடுகளவுதான் இருந்தது.

மறுநாள் காலையில் நீ செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் பச்சைக் கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டு ரோட்டில் டீக்கடை முன்னால் போய் நின்றாய், பின்னாலேயே நானும் வந்தேன். பெருமாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். "வாம்மா மகாலட்சுமி! டீயா, காபியா?" என்று ராகம் போட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ முகம் சுளிக்கவில்லை. "டீதாண்ணே. கூட ஆள் வந்துகினு கீறாங்க, ஏழா போடு" என்றாய். கையில் புடவைப் பையோடு சவுரியின் பேரன் வந்தான். அடுத்து ஏழுமலை வீட்டுப் பையன், அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். உன் நாடகக்காரரும் வந்து சேர்ந்தார். பெஞ்சில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழாவது டீயை யார் குடிப்பது என்று பெருமாள் கேட்டதற்கு நீ, "நான்தாண்ணே. ஒரு எடம் காலியா கீது, நானே நடிக்கறேன்" என்றாய். அது யாருடைய இடம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

படப்பிடிப்பில் நீ செய்த தவறு ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், சிரிக்காதே. முகம் நன்றாகத் தெரிகிறது என்று எல்லாரையும் முன்னோக்கி நட்டுக்கொண்டே வரச் சொன்னாய். கழனியே சிரிப்பில் குலுங்கியது. ஏழுமலை வீட்டு மருமகள் நிமிர்ந்து, "இன்னாடா நைனா, நட்டத நாங்களே மெதிச்சிக்கினு வரணுமா? நடவுன்னா பின்னாலதான் போவணும், இதுகூட படிப்புல சொல்லித் தரலயா?" என்று கேட்டாள். நீ காது சிவந்துபோய், கேமராவைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் சுற்றி மறுபக்கம் போனாய். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு இடம் மாறினாயே, அது எனக்கு எல்லாப் பரிசையும்விடப் பிடித்திருந்தது. இனி எவ்வளவு பெரிய ஆளானாலும் அதை விட்டுவிடாதே. பிறகு பச்சையம்மாளாக நடித்த சென்னைப் பெண், "ஏண்டி, இது சோறு சாப்பிடுற கையா?" என்று குயில் மாதிரிக் கேட்டாள். ஏழு தடவை எடுத்தும் குயில் மாறவில்லை. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. என் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "ஏண்டி! இது சோறு துன்ற கைதானா?" வரப்பில் இருந்த கொக்குகள் பறந்துவிட்டன. அந்தக் குரலையே வைத்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தையை என் தாத்தாவைப் பார்த்து நானே சொன்ன மாதிரியும் இருந்தது. அவர் சிரித்திருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் படத்தைக் காட்டினாய். பட்டப்பகல். ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தீர்கள். ஊரே இரண்டு பஸ்ஸில் வந்திருந்தது. இத்தனை வருடம் மூடி வைத்ததைச் சுவர் உயரத்துக்குக் காட்டப் போகிறோம். சிரிக்கக் கூடாத இடத்தில் யாராவது சிரித்துவிட்டால், இனிமேல் அதற்கு மருந்தே இல்லை. திரையில் ஏழு பேரும் குனிந்தார்கள். லாரிக்காரன் பூட்ஸ் வரப்பில் வந்து நின்றது. கொத்து மிதந்தது. அப்போது என் குரல், "ஏண்டி!" என்றது. பாதி மண்டபம் சேர்ந்து கத்தியது. பெண்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள். விசில் அடித்தது யார் என்று பார்த்தால், ஏழுமலை வீட்டு மருமகள். லாரி திரும்பிப் போனபோது கைத்தட்டல். களத்து மேட்டில் தாத்தா புடவையோடு வாய் திறக்காமல் நின்றபோது, கைத்தட்டலும் நின்று, மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் ஏழு பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டார் எழுந்து நின்றார்கள், யாரும் சொல்லித் தரவில்லை. விளக்கு எரிந்ததும் பெருமாள் நேராக என்னை நோக்கி வந்தான். தலை நரைத்த மனிதன், கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து நின்றேன். "கன்னியப்பன்னு ரெண்டாவது மூணாவதா ஒரு பேரு வந்துச்சே. அது எங்க தாத்தாவா?" என்றான். ஆமாம் என்றேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா நானே பொடவ கட்டிக்கினு வந்திருப்பேனே! எங்க தாத்தா ஆளு மல மாதிரி. அவரப் போயி ஒம் புள்ள மாதிரி ஒல்லிக் குச்சிய வச்சி எடுத்துட்டீங்களே!" நான் மன்னிப்புக் கேட்டேன். பழைய கோபத்தில்தான் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். "நான் பாடுன பாட்டுக்கு இது கொறச்சல்தான்" என்றான். பிறகு மண்டபமே கேட்கும்படி திரும்பி, "எல்லாரும் கேட்டுக்குங்க! இனிமே நாங்களும் பொடவகட்டி வூடுதான்!" என்று கத்தினான். "நாங்களும்!" என்றான் சவுரியின் பேரன். பந்தியில் சாம்பார் ஊற்றும்போதுகூட அதே பேச்சு. நாற்பது வருடம் நான் ஓடி ஒளிந்த பெயருக்கு அன்று ஏழு வீடுகள் சண்டை போட்டன.

அங்கே மேடையில் நீ யார் என்று கேட்பார்கள். படித்த படிப்பைச் சொல்லாதே. புடவைகட்டி வீட்டுப் பிள்ளை என்று சொல், தமிழிலேயே சொல், விளக்கம் பிறகு கொடுக்கலாம். பாராட்டினால் கும்பிடு. ஆனால் உன் வரிசை கோணாமல் போனதற்கு இரு பக்கமும் நின்று உன் பங்கையும் நட்டவர்கள் யார் யார் என்று மனதுக்குள் ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொள். உண்மையைவிட அழகாக ஒன்று தோன்றினால் சந்தேகப்படு. உன் அம்மா அதில் முதல் பரிசு வாங்கியவள்.

இன்று மத்தியானம் அந்தப் பழைய தேசப்பட நூலைத் தேடி எடுத்தேன். செல்லரித்த பக்கம்தான், ஆனாலும் போர்ச்சுகல் தெரிந்தது. ஓரத்தில், கடலில் விழுகிற மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாத்தா வைத்த இடத்தில் ஒரு விரலை வைத்து, போர்ச்சுகலுக்கு இன்னொரு விரலை நீட்டினேன். எட்டவில்லை. கையை மாற்றி, முழுச் சாணாக விரித்து வைத்தேன். எந்த லாரியும் வரவில்லை, எந்தப் பண்ணையும் உன் பெயரை எழுதிக் கொடுக்கவில்லை, உன் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு போகிறாய். வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் சத்தமாகவே சொன்னேன்: "இம்மாந் தூரமா? நல்ல வேள, எம் புள்ள போறான்."

உன் அம்மா,
நடவு வரிசையில் பின்னால் நின்றவள்.